'மாறவில்லையா' என்றொரு பெயர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா போனில் சொன்னது. "இதைப் போய் எழுதிடாதடா" என்று முடித்தாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எழுதாமலிருக்க முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அவள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தபடி...

வேண்டாம். அக்காவின் இருக்கைக்கு ஜன்னலே கிடையாது. முதுகுக்குப் பின்னால் பிரிண்டர், பக்கத்தில் நாள் முழுக்க ஹெட்போனைக் கழற்றாத ஒருவர்.

2

அக்கா வேலை பார்ப்பது ஒரு மென்பொருளில். நிரல் எழுதுகிறவர்களின் ஒவ்வொரு பிரதியையும் அது பத்திரப்படுத்தும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, போன வரியைச் சிவப்பிலும் வந்த வரியைப் பச்சையிலும் காட்டும். எந்த வரியை யார், எப்போது தொட்டார்கள் என்பதும் அதற்குத் தெரியும்.

அதற்குள் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரே ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு. இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பதில் சொல்வது அதன் வேலை. பெயர், தமிழில் சொன்னால், 'மாறவில்லையா'. மாறியிருந்தால் 'ஆம்' என்னும்.

"மாறலையான்னு கேட்டா ஆமாங்குது. என்னன்னு எடுத்துக்கறது? புதுசா வர்றவங்க எல்லாரும் இதுல முட்டிக்கிறாங்க."

பெயர் வைத்தவன் கமா. யார் எழுதியதிலும் விட்டுப்போன காற்புள்ளியைத் தேடிப் பிடிப்பவன் என்பதால் அந்தப் பட்டம். நான்கு வருடம் அக்காவின் பக்கத்து இருக்கை அவனுடையது. வேறு ஊரில் வேலை கிடைத்ததும், "சேர்ந்தே போயிடலாமா?" என்று கேட்டான். அப்போது அப்பா ஆஸ்பத்திரியில். "ஒரு வாரம் டைம் கொடு" என்றாள் அக்கா. வாரம் போனது. அவனும் போனான். ஆறு வருடமாகிறது.

(லிஃப்ட் வாசலில் அவன் "நீ வரலையா?" என்று கேட்க, இவள் "ஆமா" என்று சொல்ல, அவன் தப்பாகப் புரிந்துகொள்ள... இப்படி ஒரு காட்சி எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் நடக்கலை. அவன் தெளிவாத்தான் கேட்டான். நான்தான் பதில் சொல்லலை" என்றாள். அடித்துவிட்டேன்.)

3

போன மாதம் அந்தப் பெயரை மாற்றும் வேலை அக்காவிடமே வந்தது. புதுப் பெயர், 'வேறுபடுகிறதா'. பழைய பெயர் வருவது இருநூற்றுப் பதினான்கு இடங்களில். பெயர் மட்டும்தான் மாற வேண்டும், பதில் மாறக்கூடாது. நாலாயிரம் ஜோடிக் கோப்புகளைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்துக்கூட வித்தியாசமில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் சிவப்பு, பச்சை வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

அவள் எழுதிய பகுதி. அந்த ஒரு வரி மட்டும் அவளுடையதல்ல.

அந்த வரியின் வரலாற்றைத் திறந்தாள். பெயரை நம்பி, 'ஆம்' என்றால் மாறவில்லை என்று அவள் தலைகீழாக எழுதியிருக்கிறாள். அப்படியே போயிருந்தால், திருத்திய கோப்புகளை மாறாதவை என்று எண்ணி மென்பொருள் சேமிக்காமலே விட்டிருக்கும். எத்தனையோ பேரின் உழைப்பு காணாமல் போயிருக்கும். கமா அதைத் திருத்தியிருக்கிறான். தேதி, அவனுடைய கடைசி வேலை நாள். கூடவே ஒரு குறிப்பு: 'தப்பு எழுதியவளுடையது அல்ல. குழப்பமான பெயரை வைத்தது நான்.'

"எங்கிட்டகூடச் சொல்லலைடா. கோவத்துல போயிட்டான்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

4

மாற்றத்தைச் சேர்க்கும் முன் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்த மென்பொருள் எல்லோருக்கும் பொது, வெளியாரும் பார்க்கலாம், சரி சொல்லலாம். அக்கா கமாவின் பெயரைப் போட்டாள். எடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி போட்டாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது: 'புதுப் பேரு சரியா இருக்கு. சேர்த்துக்கலாம். நீ எப்படி இருக்க?'

"எல்லாரும் பாக்கிற இடத்துல கேட்டு வெச்சிருக்கான், லூசு" என்று சிரித்தாள்.

மாற்றத்தை அன்றே சேர்த்துவிட்டாள். கேள்விதான் பாக்கி.

'நல்லா இருக்கேன்' என்று அவள் எழுதுவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். பொய். அவன் ஊருக்கு டிக்கெட் எடுப்பதாக இன்னொன்று. அக்காவைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

"நீ எழுதறவன்தானே, என்ன போடட்டும் சொல்லு" என்றாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. இதை நீங்கள் படிக்கும்போது அவள் ஏதோ தட்டிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருப்பாள். உங்களுக்குத் தோன்றினால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.