அழிக்கப்பட்ட ஆட்டம்

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன வாசிலுக்கு, கையடக்க கேம் கருவி ஒன்று இருந்தால் விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சொன்ன அன்றே அவருடைய மகளும் மகனும் முட்டிக்கொண்டார்கள்.

கருவி வாங்கப் போன கடையில் மூத்தவள் லரிஸா அமைதியான ஆட்டங்களாகப் பொறுக்கினாள். ஏரியில் மீன் பிடிப்பது, எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைப்பது. தம்பி தாரஸ் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று. அதில் பிணங்கள் எழுந்து வந்து நகரத்தை வளைக்கும். சுட்டுக்கொண்டே தப்பிக்க வேண்டும்.

"அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் லரிஸா, கடை என்றும் பாராமல்.

"இந்த வின்னிபெக் பனியில காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன். அவரைப் போய் மீன் பிடிச்சு விளையாடச் சொல்றியே, அவரென்ன கைக்குழந்தையா?"

"நான்தான் தினமும் போய்ப் பார்க்கிறேன். நீ சனிக்கிழமை காபியோட வந்து சிரிச்சுட்டுப் போறவன்."

கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கருவியில் இடம் நிறைந்துவிட்டது. எது வேண்டும் என்று வாசிலிடம் இருவருமே கேட்கவில்லை. அவருக்குப் பேச்சு குழறியது. காத்திருந்து கேட்கப் பொறுமை வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை லரிஸா கருவியைத் திறந்தபோது மீன் ஆட்டத்தைக் காணவில்லை. சொல் ஆட்டமும் இல்லை. தாரஸின் வேலைதான். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அப்பாவை நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பிணங்களின் ஆட்டத்தை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். சேமித்து வைத்ததையும் சேர்த்து அழிக்கவா என்று திரை கேட்டது. அதையும் அழுத்தினாள்.

வாசில் திரும்பி வந்து கருவியைக் கையில் எடுத்தார். திரையில் தேடினார்.

"எங்க?"

"அந்தக் கண்றாவி எதுக்குப்பா? மீன் ஆட்டத்தையே திரும்பப் போட்டுத் தரேன்."

அவர் கருவியைக் கட்டிலில் விட்டெறிந்தார். வாயின் ஒரு பக்கம் துடித்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போர்வையைச் சரிசெய்ய வந்த நர்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நேத்து சாயங்காலம்தான் அந்த ஆட்டத்துல பாலத்தைத் தாண்டினாரு. விழுந்துபோன கையோட கட்டைவிரலாலேயே. பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் கை தட்டினாங்க. வந்ததிலேருந்து நேத்துதான் அவர் சிரிச்சுப் பார்த்தேன்."

லரிஸா வராந்தாவுக்குப் போய்த் தம்பியைப் போனில் அழைத்தாள். கேட்க வேண்டியது மன்னிப்பு. வாயில் வந்தது வேறு.

"நீ முதல்ல என்னோடதை அழிச்சே."

"அவர்தான் அழிக்கச் சொன்னாரு. முதல் நாளே பிடிக்கலைன்னாரு. உன்கிட்ட சொன்னா நீ கேட்பியா? உனக்கு அப்பா வேணாம்டி, சொன்னதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு நோயாளி வேணும்."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். அழவில்லை. அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பதே அவன்மீதான வெறுப்பைக் கூட்டியது.

மறுநாள் தாரஸ் வந்து ஆட்டத்தை மறுபடி ஏற்றினான். அது முதல் தெருவிலிருந்து தொடங்கியது. வாசில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கருவியை மூடிவைத்தார்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். வாசில் தலையணையில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தார். விரல்கள் முன்னைவிட வேகமாக ஓடின. மகளைக் கண்டதும் திரையை மார்போடு அணைத்து மறைத்தார். தாரஸுக்குச் சிரிப்பு வந்தது. "என்கிட்ட காட்டுப்பா" என்று கை நீட்டினான். அவனிடமிருந்தும் மறைத்தார்.

"பூட்டு போட்டு வச்சிருக்காரு" என்றாள் நர்ஸ். "ரகசிய எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டத்தையும் அவரே பார்த்து வாங்கிக்கிட்டாரு."

"என்ன ஆட்டம்?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

வாசில் வார்த்தையைத் திரட்ட நேரம் எடுத்துக்கொண்டார். இந்த முறை இருவரும் காத்திருந்தார்கள்.

"போங்க" என்றார். "ரெண்டு பேரும்."

லிஃப்டில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். கீழே கதவு திறந்ததும், "எல்லாம் உன்னாலதான்" என்றாள் லரிஸா. தாரஸ் திரும்பிப் பார்க்காமல் பனியில் இறங்கித் தன் வண்டியை நோக்கி நடந்தான்.