இறுகாத பூச்சு

என் வீட்டுக்காரர் கொத்தனார். நான் அவருக்குக் கலவை கலந்து கொடுக்கிறவள். அவர் வலது கை ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அந்தக் கைக்குத்தான் போன வருடத்திலிருந்து முழங்கை வலி. பூச்சுக் கரண்டியைப் பிடித்தால் உயிர் போகும். தைலம், கட்டு, மாத்திரை என்று பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

கடைசியாகப் போன டாக்டர் முழங்கையில் ஸ்கேன் கருவியை வைத்து, திரையில் கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டினார்.

"தசைநார் இங்க நைஞ்சு கிடக்கு. கிழிக்கவெல்லாம் வேண்டாம். மரத்துப்போக மருந்து போட்டுட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இந்த இடத்தை மட்டும் ஊசியால குத்திக் குத்தி விடுவேன். ரத்தம் ஊறிப் புதுசா நார் பிடிக்கும்."

"இருக்குற புண்ணு பத்தாதா டாக்டர்?" என்று எரிந்து விழுந்தேன்.

இவருக்கோ சட்டென்று பிடிபட்டுவிட்டது. "பழைய சுவரைக் கொத்திவிட்டுத்தானடி பூசுறோம்? அப்பத்தானே கலவை பிடிக்கும்!"

ஊசி போட்டு அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொன்னார்: "நான் சொல்ற வரைக்கும் கரண்டியத் தொடக் கூடாது."

வீட்டில் உட்கார்ந்த மனுஷன் என் உயிரை வாங்கினார். நான் வேறு கொத்தனாரோடு வேலைக்குப் போனேன். வலி மெல்லக் குறைந்துவந்தது. ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வந்தால், குளியலறையில் பெயர்ந்து கிடந்த சுவர் ஈரம் மின்னப் பூசியிருக்கிறது.

"இடது கையாலதான்..." என்று இழுத்தார்.

அவர் கை எனக்குத் தெரியாதா? அந்த வளைந்த இழுப்பு வலது கைக்குத்தான் வரும். அவ்வளவு அழகான பூச்சைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விடிவதற்குள் முழங்கை வீங்கிவிட்டது. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கூடி வந்தது மறுபடி பிரிஞ்சிருக்கு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்தத் தடவை எவ்வளவு பிடிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போய், அந்தப் பூச்சைக் கொத்த ஆரம்பித்தேன்.

அவர் பதறி ஓடிவந்தார். "அடியேய், உனக்குப் பைத்தியமா? இன்னும் முழுசா இறுகவே இல்ல, அதுக்குள்ள கை வைக்குறியே! இனிமே எப்படிப் பிடிக்கும்?"

கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார். இடது கை தானாகப் போய் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை. மிச்சத்தையும் கொத்தினேன்.