விளக்கு சாய்ந்த பக்கம்

நெருப்புக்குச் சூடான காற்றைக் கொடுத்தால்தான் நன்றாக எரியும் என்று நஞ்சப்பன் சொன்னால் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒத்துக்கொண்டதால் இல்லை. மறுத்துப் பேசினால் அரை மணி நேரம் காலி என்ற பயம்தான். மனுஷன் ஊரில் பதினோரு வருஷம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர். கரும்புச் சக்கையை எரிக்கிற அந்த ராட்சத அடுப்புக்குள் போகிற காற்றை முதலில் சூடாக்கித்தான் அனுப்புவார்கள். காற்றின் சூடு இருபது டிகிரி ஏறினால் எஃபிஷியன்சி ஒரு பர்சன்ட் ஏறும். அமெரிக்கா வந்து இருபத்து நாலு வருஷமாக இர்விங்கில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு பர்சன்டை மட்டும் அவர் விடவே இல்லை.

டெக்சாஸே விறைத்துப்போன அந்தப் பெரிய குளிரில் மூன்று நாள் கரண்ட் போனது. அதற்குப் பிறகு தெருவே ஜெனரேட்டர் வாங்கியபோது இவர் பெல்லட் ஸ்டவ் வாங்கினார். மரத்தூளை அமுக்கிச் சின்னச் சின்ன மாத்திரையாக்கி மூட்டையில் விற்கிறார்களே, அதைப் போட்டு எரிக்கிற இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு ஃபேன் காற்றை இழுத்து நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, புகையைச் சுவர் வழியாக வெளியே தள்ளும். அந்த ஃபேன் ஓடவே கரண்ட் வேண்டும் என்பது மாட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

மாட்ட வந்த ஆள் வெளிக்காற்றை நேராக ஸ்டவ்வுக்குக் கொண்டுவர ஒரு குழாயும் எடுத்து வந்திருந்தான். ஐஸ் மாதிரி இருக்கிற காற்றையா நெருப்புக்குக் கொடுப்பது என்று அவனுக்கு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்து, குழாயோடு திருப்பி அனுப்பினார் நஞ்சப்பன். ஸ்டவ் ஹாலில் இருக்கிற கதகதப்பான காற்றையே குடித்து எரியட்டும் என்பது அவர் கட்சி.

"ஏனுங்க, ஹால் காத்தை அது இழுத்து வெளிய தள்ளுச்சுன்னா, அந்த எடத்துக்கு வேற காத்து எங்கிருந்தாச்சும் வந்துதானே ஆகோணும்?" என்று வள்ளி கேட்டாள். "அதான் கதவிடுக்குல சிலுசிலுன்னு வருதாட்ட இருக்குது."

வள்ளி டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். "உனக்கு தெர்மோடைனமிக்ஸ் புரியாது புள்ள, விடு," என்றார். அவளும் விட்டுவிட்டு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். மூன்று குளிர்காலம் இப்படியே போனது.

தன் வீட்டோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. பக்கத்து ஊர் ஆலனில் இருக்கிற திருமூர்த்தியும் இவர் பேச்சைக் கேட்டு அதே ஸ்டவ்வை வாங்கினார். அவர் வீட்டில் வெளிக்காற்றுக் குழாயையும் மாட்டியிருந்தார்கள். தீபாவளிக்குப் போன நஞ்சப்பன் அதைப் பார்த்துப் பதறி, தன் கையாலேயே குழாயைக் கழற்றி, சுவர் ஓட்டையை அடைத்துவிட்டு வந்தார். சம்பந்தியாகப் போகிறவருக்கு இந்த உபகாரம்கூடச் செய்யாவிட்டால் எப்படி? திருமூர்த்தியின் மகன் மகிழனும் நஞ்சப்பனின் ஒரே மகள் கயலும் நாலு வருஷமாகப் பழகி, ஒருவழியாக இரண்டு வீட்டிலும் சம்மதித்து, தை மாதம் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது.

நிச்சயத்தன்று காலை வெளியே தண்ணீர் கல்லாகிற குளிர். நஞ்சப்பன் ஸ்டவ்வை முழு வேகத்தில் வைத்தார். பத்து மணிக்குத் திருமூர்த்தி வீட்டார் பட்டுப்புடவையும் அதற்கு மேல் பெரிய பெரிய குளிர் ஜாக்கெட்டுமாக வந்து இறங்கினார்கள். நடுவில் திருமூர்த்தியின் அக்கா கருணாம்பிகை. மகிழனுக்கு அம்மா இல்லை. சின்ன வயதில் ஐந்து வருஷம் கூடவே இருந்து அவனை வளர்த்தது இந்த அத்தைதான். நிச்சயத்துக்காகவே கோபியிலிருந்து கார்த்திகை மாதமே வந்துவிட்டாள். அவள் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் கறிவேப்பிலைகூட வாங்க மாட்டார்கள்.

பூஜை அலமாரிக்கு முன்னால் குத்துவிளக்கு தயாராக இருந்தது. கயல் ஐந்து திரியையும் ஏற்றினாள். ஐந்தும் ஒரே பக்கமாகப் படுத்து, துடித்து, அணைந்தன.

"பதறாம மறுக்கா ஏத்து கண்ணு," என்றாள் கருணாம்பிகை.

மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. நஞ்சப்பன் சும்மா இருப்பாரா? "டோர் கேப்புங்க, வேற ஒண்ணுமில்ல," என்று ஓடிப்போய் குளிக்கிற டவலை வாசல் கதவடியில் திணித்தார். ஜன்னல் ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். காற்று வர இருந்த வழியையெல்லாம் அடைத்துவிட்டு அவர் வெற்றியோடு திரும்பியதும், அலமாரிக்குப் பின்னால் கேபிளுக்காகப் போட்டிருந்த ஓட்டை வீல் என்று ஊளையிட ஆரம்பித்தது. வீட்டில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. மூன்றாவது தடவை கயல் தீக்குச்சியைத் திரிகிட்டே கொண்டுபோவதற்குள் குச்சியே அணைந்துவிட்டது. அடுத்த குச்சியில் ஏற்றிய ஐந்து திரியும் ஒரே நொடியில் போயின.

கருணாம்பிகை ஜாக்கெட் ஜிப்பை மெதுவாகக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"திருமூர்த்தி, நம்மூட்லயும் இப்புடித்தானே? நான் வந்த நாள்லருந்து சாமி ரூம்ல வெளக்கு நிக்கறதில்ல. ஹனுமார் கோயில்ல அர்ச்சனை பண்ணியும் நிக்கல. இங்க பொண்ணு ஏத்துன வெளக்கும் மூணு தரம் அணைஞ்சு போச்சு. ரெண்டு வீட்டு சாமியும் ஒண்ணைத்தான் சொல்லுது. இப்பத்திக்கு தள்ளிப் போடலாம்."

"அத்தை, இட்ஸ் ஜஸ்ட் காத்து," என்றான் மகிழன்.

"உங்கம்மா கல்யாணத்துலயும் வெளக்கு அணைஞ்சுது சாமி. காத்துன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நானும் வாயைத் தொறக்கல." அவள் குரல் உடைந்தது. "இன்னொருக்கா என்னால அப்புடி இருக்க முடியாது."

திருமூர்த்தி கார்ப்பெட்டைப் பார்த்தார். கயல் அப்பாவைப் பார்த்தாள். தள்ளிப்போட்ட கல்யாணங்கள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொந்தத்திலேயே இரண்டு கல்யாணங்கள் அப்படியே நின்றுபோயிருக்கின்றன.

மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் விளக்கைப் பார்த்தார். அணைந்த திரிகளின் புகை மேலே எழும்பவில்லை. ஐந்து கோடும் ஒன்றாகச் சேர்ந்து, சோபாவைத் தாண்டி, ஹாலைக் குறுக்கே கடந்து, நேராக அவருடைய ஸ்டவ்வுக்குக் கீழே போய் நுழைந்தன. அங்கே கண்ணாடிக்குள் நெருப்பு காற்றுப் போதாமல் மங்கிப்போய், கண்ணாடியெல்லாம் கரி பிடித்திருந்தது.

அட கடவுளே என்று ஆகிவிட்டது அவருக்கு. ஆலையில் காற்றைச் சூடாக்கியது, புகைபோக்கி வழியாக எப்படியும் வீணாகப் போகிற சூடு. வெளியே போகிற சூட்டைப் பிடித்து அங்கே உள்ளே விட்டார்கள். இவரோ, உள்ளே இருக்கிற சூட்டைப் பிடித்து மூன்று வருஷமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பர்சன்டைக் காப்பாற்றப் போய் ஹாலின் சூட்டையே எரித்திருக்கிறார். போன காற்றுக்குப் பதிலாக அத்தனை ஓட்டையிலும் குளிர்காற்று புகுந்து வந்திருக்கிறது. டேகேர் வள்ளிக்குப் புரிந்தது பாய்லர் நஞ்சப்பனுக்குப் புரியவில்லை.

சத்தமில்லாமல் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தார். இந்த வீட்டு விளக்கு நின்றுவிடும். ஆலன் வீட்டு விளக்கை யார் நிறுத்துவது? அந்தப் பயம் அந்த அம்மாவின் மனசை விட்டுப் போகுமா?

"அது சகுனமில்லீங்க அக்கா," என்றார். "அது நானுங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டு வீட்டு வெளக்கையும் அணைச்சது நானுங்க. வெளிக்காத்து வர்ற குழாய் வேண்டாம்னு இங்க நாந்தான் சொன்னேன். உங்கூட்ல மாட்டியிருந்ததையும் தீபாவளிக்கு வந்தப்ப நாந்தான் கழட்டிப் போட்டேன். அதுலருந்து ஸ்டவ் வீட்டுக் காத்தை எல்லாம் இழுக்குது. அந்த இழுப்புலதான் வெளக்கு நிக்கமாட்டேங்குது. சாமி ஒண்ணும் சொல்லலீங்க. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு, ஸ்டவ்வுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்து முழுசாகத் திறந்தார். குளிர் சடாரென்று உள்ளே பாய்ந்தது. பட்டுப்புடவைகளெல்லாம் சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்தன. மங்கிக் கிடந்த ஸ்டவ் குபீரென்று பற்றிக்கொண்டது. கேபிள் ஓட்டையின் ஊளை நின்றது. கயல் நடுங்கிக்கொண்டே விளக்கை ஏற்றினாள். ஐந்து சுடரும் அசையாமல் நின்றன.

கருணாம்பிகை விளக்கைப் பார்த்தாள். பிறகு நஞ்சப்பனைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு மாசமா நான் வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பட்டினி கெடந்தது?"

"எனக்காகத்தானுங்க."

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்து, அக்காவுக்குப் பயந்து இருமலாக மாற்றினார். கருணாம்பிகை சிரிக்கவில்லை. வள்ளி பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மிணி, இந்த மனுசன் இதுக்கு முன்னால எப்பவாச்சும் தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்காரா?"

"கல்யாணமாயி இருபத்தெட்டு வருசமாச்சுங்க," என்றாள் வள்ளி. "இதான் மொதத் தரம்."

"அப்ப இதைவிட நல்ல நாளு வராது. தட்டை எடுங்க."

எல்லாரும் ஜாக்கெட்டோடு எழுந்து நின்றார்கள். நஞ்சப்பன் வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கித் திருமூர்த்தியிடம் நீட்டினார். ஸ்டவ் ஏன் குபீரென்று பற்றியது என்று விளக்கம் சொல்ல வாயைத் திறந்தவர், கயலைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.