எல்லாவற்றையும் நீக்கு

“அது கேட்டப்போ நீ என்ன சொன்ன?” என்று அண்ணி என்னிடம் கேட்டாள்.

திட்டுகிற குரல் இல்லை. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று டாக்டர் கேட்பாரே, அப்படி. காகிதக் கட்டுகளை இரண்டு கையிலும் சுமந்தபடி கடைக்குள் வந்தவள், அவற்றைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள். எதிரில் பஸ் டிரைவர் நின்றிருந்தார். புது லேப்டாப்பில் அவருடைய பென்டிரைவ் செருகியிருந்தது. திரையில் ஒன்றுமே இல்லை. வெள்ளை.

எங்கள் கடை ஜெராக்ஸ் கடை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பென்டிரைவ் செருகுவோம். காலேஜ், ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிறவை. நாற்பது பேர் ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற மாதிரி என்பாள் அண்ணி. போன மாதம் அப்படி வந்த ஏதோ ஒன்று பழைய கம்ப்யூட்டரில் புகுந்து, அவள் நாலு வருடமாகச் செய்து வைத்திருந்த விண்ணப்பப் படிவங்கள் அத்தனையையும் பூட்டிவிட்டது. அண்ணி அழவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு மட்டும் கூடிப்போனது. புது லேப்டாப் வந்ததும், “இதுக்கு நல்ல காவல்காரனா நானே பாத்து வைக்கப் போறேன்” என்றாள்.

“கம்ப்யூட்டரோடவே ஒண்ணு வருதே, அது போதாதா?” என்றான் அண்ணன்.

“உங்களோடகூடத்தான் ஒரு மூளை வந்துச்சு.”

ஆன்டிவைரஸை அவள் தேர்ந்தெடுத்த விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மற்றவர்கள் இணையத்தில் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வதை வாங்குவார்கள். அண்ணி பழைய கம்ப்யூட்டர் காலத்துப் பென்டிரைவ் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். உள்ளே என்னென்ன நோய் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். யாரும் தவறி எடுத்துவிடாமலிருக்க அதில் சிவப்பு நகப்பூச்சு அடித்து, ‘நோயாளி’ என்று பெயரும் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆன்டிவைரஸையும் ஒரு வாரம் போட்டு, நோயாளியைச் செருகி, என்ன நடக்கிறதென்று பார்ப்பாள். எனக்கு வேலை, நடப்பதை எழுதி வைப்பது. “நீதான் எதையாவது எழுதிட்டே இருக்கியே” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நோட்டு நோட்டாக என்ன எழுதுகிறாள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

முதல் வாரம், லேப்டாப்போடு கூடவே வந்தது. நோயாளியை ஓசைப்படாமல் துடைத்துவிட்டது. என்னத்தைத் துடைத்தது என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஐந்தாறு இடங்களில் தேட வேண்டியிருந்தது. “திருடனைப் புடிச்சியான்னா தலையை மட்டும் ஆட்டுது” என்றாள் அண்ணி.

இரண்டாவது, ஒரு மாதம் இலவசமாக ஓடுவது. அது எதற்கெடுத்தாலும் மணி அடித்தது. எங்கள் சொந்தப் படிவத்தைத் திறந்தால்கூட, ‘உறுதியாகத்தான் திறக்கிறீர்களா?’ என்றது. “இதுக்கு உங்கம்மாவே தேவலாம்டி” என்று என் காதோரம் சொன்னாள்.

மூன்றாவதை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை; லேப்டாப் விற்ற கடையில் காட்டினார்கள். “மேடம், நீங்க எதுவுமே பண்ண வேணாம். அதுவே கேக்காம எல்லாத்தையும் பாத்துக்கும்” என்றார் விற்பனையாளர். “அப்ப எனக்கு யார் சொல்லுவா, என்ன பாத்துச்சுன்னு?” என்று கேட்டாள். அவர் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிரைவர் வந்தபோது இரண்டாவதன் வாரம் நடந்துகொண்டிருந்தது. அண்ணி காகிதம் வாங்கப் போயிருந்தாள். காலை பத்து மணி. சீருடையில் இருந்தார், ஆனால் இடுப்பில் பெல்ட் இல்லை. “பாப்பா, இதுல மூணு போட்டோ இருக்கு. சீக்கிரம் பிரிண்ட் போடு. பதினோரு மணிக்கு டிப்போவுல விசாரணை” என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்பது வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும். அவர் புதியவர், அதனால் அவரே பேசினார். பிரேக் சரியில்லை என்று மூன்று நாள் தொடர்ந்து டிப்போ நோட்டில் எழுதியிருக்கிறார். நான்காம் நாள் வண்டி ஒரு சுவரில் மோதியது. இப்போது அந்த நோட்டைக் காணவில்லை. எழுதிய பக்கங்களை அன்றன்றைக்கு போனில் படம் எடுத்து வைத்திருந்தார். போன் அந்த மோதலில் நொறுங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள் மச்சான் இந்தப் பென்டிரைவில் ஏற்றி வைத்ததுதான் மிச்சம். “இருபத்திரண்டு வருஷ வேலை பாப்பா. இந்த மூணு பேப்பர்ல நிக்குது.”

செருகினேன். மணி அடித்தது. பதினொரு ஆபத்துகள் என்று சிவப்பில் ஒரு பெட்டி. அடியில் இரண்டு பட்டன். ‘ஒவ்வொன்றாகப் பார்’ என்பது சின்னதாக, சாம்பல் நிறத்தில். ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பது பெரிதாக, பச்சையில். டிரைவரின் மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். பச்சையை அமுக்கினேன்.

அதன் பிறகு வெள்ளை.

“எங்க பாப்பா போட்டோ?” என்றார். பிறகு, “அழிச்சிட்டியா?” என்றார். மூன்றாவது தடவை அவர் சொன்னது கத்தலா அழுகையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அப்போதுதான் அண்ணி வந்தாள், கேட்டாள்.

“எல்லாத்தையும் எடுன்னு சொல்லிட்டேன்” என்றேன். அவ்வளவு பேர் இல்லாத கடையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“இந்தப் பொண்ணை உக்கார வச்சுட்டு ஊர் சுத்தப் போறீங்களா? என் வேலை போச்சும்மா!” என்றார் டிரைவர். “குடுங்க அதை. ரெண்டு தெரு தள்ளி ஒருத்தன் மீட்டுத் தர்றானாம்.” பிடுங்கக் கையை நீட்டினார்.

“அண்ணே, கடை என்னுது. போயிருந்தா நான் டிப்போவுக்கே வந்து நாங்கதான் அழிச்சோம்னு எழுதிக் குடுக்கறேன். ஆனா அஞ்சு நிமிஷம் இதைத் தொடாதீங்க. அவன் கைக்குப் போச்சுன்னா மொதல்ல ஃபார்மேட் பண்ணி எல்லாத்தையும் தொடச்சிடுவான்.”

அவர் கை பாதியில் நின்றது.

அண்ணி உட்காரவில்லை. நின்றுகொண்டே, அந்த ஆன்டிவைரஸ் தான் எடுத்ததையெல்லாம் எழுதி வைத்திருந்த பட்டியலைத் திறந்தாள். பதினொரு வரிகள். பெயர், நேரம், அளவு. விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து இறக்கினாள். “ஒரு கேபி. ஒரு கேபி. ஒரு கேபி.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏண்டி, ஒரு போட்டோ ஒரு கேபில அடங்குமா?”

நான் தலையை ஆட்டினேன். அடங்காது.

“அப்ப அது எடுத்தது போட்டோ இல்ல.” பென்டிரைவின் மேல் சொடுக்கி, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாள். பாதிக்கு மேல் நீலம். “காலின்னு சொல்ற குடம் இவ்ளோ கனக்குமா அண்ணே? உள்ளதான் இருக்கு. வைரஸ் உங்க படத்தையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டு, அதே பேர்ல பொய்யா ஒண்ணொண்ணு முன்னாடி நிறுத்தியிருக்கு. இவ பொய்யைத்தான் தூக்கியிருக்கா.”

அமைப்புகளில் போய் இரண்டு கட்டங்களை மாற்றினாள். மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று ஒன்று. கம்ப்யூட்டர் தன்னுடையதென்று மறைப்பதையும் காட்டு என்று இன்னொன்று. வெள்ளைத் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாதி கரைந்தவை போல மங்கலாக. ஒரு கல்யாண வீடு, ஒரு குழந்தை, மறுபடி அதே குழந்தை, கடைசியில் கோடு போட்ட நோட்டுப் பக்கங்கள் மூன்று.

டிரைவர் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றிருந்தேன். இனி அந்த நாற்காலி எனக்கு இல்லை என்று நினைத்தேன். அண்ணி என் தோளை அழுத்தி உட்கார வைத்து, மவுஸை என் பக்கம் தள்ளினாள். “நீயே பிரிண்ட் குடு. பெருசாக்கு, தேதி தெரியணும்.”

மெஷின் சூடாகிற நேரத்தில் அவள் என் தலைக்கு மேலாகக் குனிந்து, “இதையே வாங்கிடலாம்” என்றாள்.

“இதையா? இதாலதானே…”

“கத்துது, ஒத்துக்கறேன். ஆனா தான் எடுத்ததை ஒளிக்காம எழுதி வச்சிருக்கு பாரு. தப்பு நடந்தா எங்கேருந்து தேடணும்னு சொல்லுது. கேக்காம செய்யறவன் நமக்கு வேணாம்.” பச்சைப் பட்டன் வராதபடி, ஒவ்வொன்றாக மட்டும் கேட்கும்படி மாற்றிவிட்டாள். “இனிமே அது கேட்டா நீ அவங்ககிட்ட வாய் திறந்து கேக்கணும். அது ஒண்ணுதான் உனக்குக் கஷ்டம்.”

மூன்று தாள்கள் வந்தன. டிரைவர் முதல் தாளின் தேதியின் மேல் விரலை வைத்தார். இரண்டாவதிலும். மூன்றாவது தாளில் தன் கையெழுத்தை உதடசையப் படித்தார்: பிரேக் பிடிக்க நேரமாகிறது, பார்க்கவும். தாள்கள் சூடாக இருந்திருக்கும். சட்டையில் இரண்டு பட்டனைக் கழற்றி, மடிக்காமல் நெஞ்சோடு வைத்து, மறுபடி பட்டனைப் போட்டார். அண்ணியைப் பார்த்தார். என்னை அதைவிட அதிக நேரம் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். சாலையில் போன பஸ் ஒன்று அவரைக் கண்டு இரண்டு முறை ஹாரன் அடித்து வேகம் குறைத்தது. அவர் திரும்பவில்லை. ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு முன்னால், டிப்போவை நோக்கி நடந்தே போனார்.