ஒரு வரி, ஒரு சேவ்

மெஹ்ரீன் ஒரு வாரமாக அந்த சர்வரைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அது திருந்துகிற ஜாதியில்லை. தாம்பரத்திலிருந்து படப்பை வரைக்கும் உள்ள கல்யாண மண்டபங்களைத் தேடிக் காட்டும் இணையதளம் அது. தேடும் வேலையைச் செய்யும் சர்வரை அமைத்தவள் அவள்தான். படித்து முடித்து வந்து செய்த முதல் வேலை. பத்து மணிக்கு ஆபீஸ் திறந்தால், பத்தே காலுக்கெல்லாம் சர்வர் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்துவிடும். 'குரோம்பேட்டை, ஏசி, ஐந்நூறு பேர்' என்று எவ்வளவு கெஞ்சினாலும் பதில் வராது.

முதலாளி குமரேசன் வெயில்தான் காரணம் என்று ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். மெஹ்ரீன் மெமரி போதவில்லை என்று இன்னொரு ஜிபி போடவைத்தாள். அதன்பின் பத்தரைக்கு நின்றது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

வெள்ளிக்கிழமை காலை குமரேசன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நாலு மணிக்கு முடிச்சூர் தட்சிணாமூர்த்தி சார் வர்றாரு. மூணு மண்டபம் வச்சிருக்காரு, அவர் சேர்ந்தா மத்தவங்க தானா வருவாங்க. புஷ்பம் வந்த நாள்லேர்ந்துதான் இந்த வியாதி. அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டரே புதுசு, எதையோ தப்பா தட்டுறாங்க. நாளைலேர்ந்து வேணாம்னு சொல்லிடப் போறேன்."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதும் மெஹ்ரீனுக்கு அதே நினைப்புதான். புஷ்பம் அக்காதான் மண்டப விவரங்களை டைப் செய்பவர். தினமும் தன் டப்பாவிலிருந்து பாதி வறுவலை இவள் தட்டில் தள்ளுகிறவர். இன்றும் தள்ளினார். அப்போதுதான் மெஹ்ரீன் திரையைப் பார்த்தாள். சர்வர் சிட்டாகப் பறந்துகொண்டிருந்தது! நேற்றும் சாப்பாட்டு நேரத்தில் இப்படித்தான் ஓடியது.

அக்கா கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் மெஹ்ரீன் அவர் பின்னால் போய் நின்றாள். மண்டபத்தின் பெயர், சேவ். எத்தனை நாற்காலி, சேவ். கார் நிறுத்த இடம், சேவ்.

"எதுக்குக்கா ஒவ்வொரு வரிக்கும்?"

"கரண்டு எப்போ பூடும்னு யாருக்கும்மா தெரியும்? போன எடத்துல நாள் பூரா அடிச்சது ஒரே நிமிஷத்துல பூட்ச்சு. அன்னிலேர்ந்து ஒரு வரி, ஒரு சேவ்."

மெஹ்ரீனுக்கு முகம் சுட்டது. ஒவ்வொரு சேவுக்கும் மொத்தப் பட்டியலையும் புதிதாக அடுக்கு என்று சர்வருக்கு உத்தரவு போடும் கான்ஃபிக் ஃபைலில் எழுதிவைத்தவள் அவளேதான். ஒரு விருந்தாளி வந்ததற்காக மொத்தப் பந்தியையும் எழுப்பி மறுபடி இலை போட்டால், பாவம், சர்வர் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நேராகக் குமரேசனிடம் போனாள். "சார், தப்பு அக்காவோடது இல்ல. என்னோடது."

சேவ் செய்தது உடனே பத்திரமாகட்டும், அடுக்குவது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும் என்று மாற்றினாள். மூன்று மணி வரை சர்வர் நிற்கவில்லை. அவளுக்குப் பாடவேண்டும்போல இருந்தது. குமரேசன் மட்டும், "நாலு மணி தாண்டட்டும்" என்றார்.

நாலு மணிக்குத் தட்சிணாமூர்த்தி வந்து விவரங்களைச் சொல்லச் சொல்ல, புஷ்பம் அடித்தார். மூன்றாவது மண்டபத்தின் கடைசி வரிக்கு சேவ் கொடுத்ததும் கரண்ட் போனது. கிழட்டு யுபிஎஸ் இரண்டு முறை கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. சர்வரும் அணைந்தது.

"இதுக்குத்தான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிவச்சாலே போதும்னேன்" என்றார் தட்சிணாமூர்த்தி.

அரைமணி கழித்துக் கரண்ட் வந்தது. ஐந்து நிமிடம் பொறுத்து மெஹ்ரீன் 'முடிச்சூர்' என்று தேடினாள். மூன்று மண்டபமும் வந்தன, கார் நிறுத்த இடம் வரைக்கும். போனது ஒன்றே ஒன்று: குமரேசன் ஒரு மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்த கடிதம்.

தட்சிணாமூர்த்தி சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. "நோட்டு கூட மழையில நனையும்பா. இந்தம்மா கையில ஒண்ணும் போகாது. என் மூணையும் போட்டுக்க."

குமரேசன் கடிதத்தை மறுபடி ஆரம்பித்தார். ஒரு வரி, ஒரு சேவ். கிளம்பும்போது, "புஷ்பம், நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க" என்றார்.

புஷ்பம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் தெனமும் பத்துக்குத்தானே சார் வரேன்?"

மெஹ்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டென்று டேபிள் ஃபேன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.