நான்காம் பாகத்துக்கு வந்தவர்

அந்த விண்வெளிப் படத்தின் நான்காம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை, செத்துப்போய் மூன்று வருடமாகியிருந்த லிஃப்ட்காரர் மதியக் காட்சிக்கு வந்து பால்கனியில் நடு வரிசையில் உட்கார்ந்தார். கையில் டிக்கெட் இருந்தது. கிழித்துக் கொடுத்தவர் அதை இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே காக்கிச் சட்டை, சட்டைப்பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர். அன்று கூட்டம் நெரிந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏசி வேலை செய்யவில்லை என்பதுதான் அன்றைக்கு வந்த ஒரே புகார். படம் முடிந்து பெயர்கள் ஓடின. அதற்கும் பிறகு, அடுத்த பாகத்துக்கு ஆசை காட்டுகிற துண்டுக் காட்சி ஒன்று வருமே, அதுவும் ஓடி முடிந்தது. எல்லோரும் போனார்கள், லிஃப்ட்காரர் மட்டும் அசையவில்லை. மேனேஜர் வந்து, படம் முடிஞ்சிடுச்சு சார் என்றார். "நம்ம ஆளு இன்னும் வரலையே" என்றார் லிஃப்ட்காரர். அடுத்த காட்சிக்கும் அங்கேயே இருந்தார், அதற்கடுத்த காட்சிக்கும் இருந்தார், சனியும் ஞாயிறும் இருந்தார்.

நம்ம ஆளு என்று அவர் சொன்னது அந்தப் படத்தில் வரும் கப்பல் மெக்கானிக்கை. ஊரெல்லாம் கதாநாயகனுக்குக் கைதட்டினால், லிஃப்ட்காரருக்குக் கண்ணெல்லாம் எஞ்சின் அறையில் எண்ணெய்க் கையோடு முனகிக்கொண்டே ஸ்பானர் பிடிக்கிற அந்த மெக்கானிக் மேல்தான். உயர்ந்த கட்டிடங்களின் லிஃப்ட்டுக் குழிகளுக்குள் இறங்கிப் பழுது பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவருக்கு வேறு யாரைப் பிடிக்கும்? முதல் இரண்டு பாகங்களையும் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் டம்ளர்களைக் கப்பல்களாக்கி மனைவிக்குக் கதை சொன்னார். கூட வாயேன் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்! அந்தச் சத்தமெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும் என்று அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. மூன்றாம் பாகம் வந்தபோது அவர் படுக்கையில் கிடந்தார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் எழுதிய சீட்டைப் படித்த அன்றே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது என்று நினைத்து, வாயைத் திறக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவரே கேட்டார். "நீ போய் பாத்துட்டு வந்து சொல்லேன். நம்ம ஆளு என்ன ஆனான்னு தெரிஞ்சாப் போதும்." வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தனியாகத் தியேட்டருக்குப் போனாள். அந்தப் பாகத்தில் கப்பல் மெக்கானிக் செத்துப்போனான். எஞ்சின் தீப்பிடித்தது, உள்ளேயிருந்து மட்டுமே மூடக்கூடிய கதவு ஒன்று, அவன் உள்ளே நின்று மூடிக்கொண்டான். தியேட்டரே அழுதது. அவளும் விக்கி விக்கி அழுதாள், பக்கத்தில் இருந்த யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டும் அளவுக்கு. பஸ்ஸில் வரும்போதே கதையை மாற்றிவிட்டாள். சாகக் கிடக்கிற மனுஷனிடம் போய்ச் சாவுச் சேதி சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, இதில் அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டான், தலைமுடி மட்டும் கருகிவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொன்னாள். அப்படியா என்றார். நல்லதாப் போச்சு என்றார். அந்த மாதமே போய்விட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் விசாரித்து நம்பர் வாங்கி, மருந்துக்கடைக்கே போன் போட்டார். "ஆளால ஒரு தொந்தரவும் இல்லம்மா. ஆனா ஒவ்வொரு காட்சி முடியறப்பவும் நம்ம ஆளு வரலையேன்னு கேக்குறாரு. பக்கத்துல உக்கார்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கு." அவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். மூன்று வருடமாக ஒரு கனவில்கூட எட்டிப் பார்க்காத மனுஷன்! "வீட்டுக்கு வர வழி தெரியல, தியேட்டருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்று பொருமிக்கொண்டே, கூட வேலை செய்கிறவளிடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மதியக் காட்சி ஆரம்பித்திருந்தது. அவர் பக்கத்து இருக்கையை மேனேஜர் அவளுக்காகக் காலியாக வைத்திருந்தார். லிஃப்ட்காரர் திரும்பாமலே, வந்துட்டியா என்றார், அவள் என்னவோ தெருமுனைவரை போய் வந்த மாதிரி. ஆத்திரமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று. கையைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தாலும் விரல் நுனியில் அந்தப் பழைய காய்ப்பு இருந்தது. "இப்ப வந்துடுவான் பாரு" என்றார் அவர். திரையில் யார் யாரோ வந்தார்கள். அடுத்த பாகத்துல வருவாருங்க என்று சொன்னால் போதும் என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் படத்தை எடுக்கிறவர்கள் லேசில் நிறுத்துகிற ரகமல்ல. ஐந்து வரும், ஆறு வரும், ஒவ்வொன்றுக்கும் இவரும் வருவார், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவோம் என்று சிமிட்டாமலே வைத்து, கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அவளால் முடியவில்லை.

"அவர் வரமாட்டாருங்க. போன பாகத்துலயே செத்துட்டாரு. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

லிஃப்ட்காரர் முதன்முதலாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். எப்படி என்று கேட்டார். எஞ்சினையும் தீயையும் கதவையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"உள்ளேயிருந்து மட்டும் மூடுற கதவா? எந்த மடையன் அப்படி ஒரு கதவை வச்சான்?" என்று கத்திவிட்டார். முன்வரிசைக்காரர் திரும்பி, சார், கொஞ்சம் மெதுவா என்றார். லிஃப்ட்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அவன் செத்திருப்பான்னு நெனச்சுத்தான் உன்னை அனுப்புனேன். ரெண்டாவது பாகத்துலயே அதுக்கு அடி போட்டுட்டாங்க. நீ வந்து அவன் செத்துட்டான்னு சொல்லுவே, அதை வச்சு மெல்ல என் விஷயத்தை எடுக்கலாம்னு இருந்தேன். எனக்குத் தெரியாதா என் உடம்பு? எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. நீ பொழச்சுட்டான்னு சொன்னே. அப்ப சரி, நானும் பொழச்சுக்குவேன் போலன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அத்தனை நாள் ஒரே அறையில், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் மூடிவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தே அல்லவா கழித்திருக்கிறார்கள்! பாவி, பாவி என்று தன்னைத் தானே வைதுகொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. என்ன சொல்லணும்னு இருந்தீங்களோ அதை இப்ப சொல்லுங்களேன்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் எங்கே கோளாறு என்று தேடுகிறபோது நெற்றி சுருங்குமே, அப்படிச் சுருங்கியது. திரையில் ஏதோ ஒரு கிரகம் வெடித்து, அந்த வெளிச்சம் அவர் முகத்தில் வந்து போயிற்று.

"ஞாபகம் வரமாட்டேங்குதும்மா" என்றார். "நெறைய இருந்துச்சு. அது மட்டும் தெரியுது."

அதற்குள் படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டார்கள். லிஃப்ட்காரர் துண்டுக் காட்சிக்கு நிற்காமல் எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் படியிறங்கினார். வாசலில் மேனேஜர் கதவைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வாங்க சார் என்று எல்லோருக்கும் சொல்வதுபோல் அவருக்கும் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. கூட்டிப் பெருக்க வந்த பெண்கள் அடுத்த காட்சிக்கு நேரமாச்சும்மா என்றார்கள். "நெறைய இருந்துச்சாம்" என்று அவர்களிடம் சொன்னாள். இருக்கும்மா, இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவள் காலடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்கிக்கொண்டு போனார்கள்.