உலர்ந்த ரொட்டிக்கு உப்பு

ரொட்டிக்கடை நுஸ்ரத் உஸ்தாவின் ரொட்டி காயாமல் போன இலையுதிர்காலத்தில், உப்புக்காரர் சஃப்தர் காயத் தொடங்கினார். முதலில் காதுமடல்கள் மொறமொறத்தன.

மலையூரான செமிரோமில் யாரும் ரொட்டியைக் குப்பையில் போடுவதில்லை. காய்ந்ததைச் சேர்த்துவைத்து, சஃப்தரின் வண்டி வந்ததும் கொடுத்து உப்பு வாங்கிக்கொள்வார்கள். அந்த ரொட்டிதான் அவருடைய செம்மறிகளுக்குக் குளிர்காலத் தீனி. உஸ்தா மாவில் முள்செடிப் பிசின் கலந்தபின் ரொட்டி மாதக்கணக்கில் துணிபோல மடிந்தது. மெத்தென்ற ரொட்டியை ஆட்டுக்கு யார் கொடுப்பார்கள்? அந்தப் பிசினை மலை மேய்ப்பர்களிடம் உப்புக்கு மாற்றிக் கொண்டுவந்து உஸ்தாவிடம் விற்றவரும் சஃப்தர்தான். சர்பத்துக்கு என்று நினைத்திருந்தார்.

"உஸ்தா, ஒரு ஈடு மட்டும் பிசினில்லாம சுடுங்க. ஆடுங்க பட்டினி கெடக்கு" என்று கடை வாசலில் போய் நின்றார்.

"காயறதுக்குன்னே சுடச் சொல்றியா? உன் ஆட்டுக்குப் பிஸ்தா வாங்கிப் போடேன்யா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சஃப்தரும் சிரித்தார், உதடு விரிசல் விட்டது.

ரொட்டி மறுத்த உலர்ச்சி எங்காவது போயாக வேண்டும், அவரிடம் போனது. மனைவி மாஹ்ரோக் தண்ணீர் தெளித்து அவரை ரொட்டித்துணியில் சுற்றிவைப்பாள். மாலையில் இளகுவார், விடிந்தால் விறைப்பார்.

"இப்படி வெறச்சு நின்னா எப்படித் தொழுவீங்க?"

"குனியத்தானே சொல்லியிருக்கு, ஒடியவா சொல்லியிருக்கு?"

முதல் பனியில் கிடாக்கள் செத்தன. ஹமாம் குளியலறை முக்கில் உப்பு கூவிக்கொண்டு போனபோது சஃப்தரின் சுண்டுவிரல் ஒடிந்து விழுந்தது. பின்னால் வந்த பெண் அதைப் பொறுக்கி, முத்தமிட்டு, கால் படாமல் சுவர்மாடத்தில் வைத்துவிட்டு நடந்தாள். கீழே கிடக்கும் ரொட்டியை அப்படித்தான் செய்வார்கள். அன்று வீட்டுக்கு வந்த சஃப்தர் மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "என்னைப் பொதச்சு வீணாக்கிடாத. ஆடு பாக்கி இருக்கு."

உயிர் எப்போது போனது என்று மாஹ்ரோக்குக்குத் தெரியவில்லை. அவர் நொறுங்கிய சத்தத்தில் அது தனியாகக் கேட்கவில்லை. அவரைத் தவிட்டோடு தொட்டியில் ஊறவைத்தாள். மிஞ்சியிருந்த ஒரே பெண்ணாடு பனி உருகும்வரை அவரைத் தின்று, வசந்தத்தில் இரட்டைக் குட்டி போட்டது.

பெருநாளுக்குக் கிடாக்குட்டியை உஸ்தாதான் வாங்கினார். கறியைத் தம்முடைய மெத்தென்ற ரொட்டியில் சுற்றித் தின்றுவிட்டு மாஹ்ரோக்கைப் பாராட்டினார்.

"நல்லா வளத்திருக்கம்மா. உப்பே போட வேண்டியிருக்கல."

"தெரியும்" என்றாள் அவள். அடுத்த குட்டிக்கும் அப்போதே விலை பேசினாள்.